வாசகர் வினா – விடை: சீனிக்காக யார் பேசினார்கள்?

சென்ற இதழில் தேர்தல் செலவுச் சட்டத்தைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிக் குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை, திருகோணமலை மாவட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பணம் படைத்தவர்களுக்கும் ஆட்சிக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியே பெரும்பாலானோர் கேட்டிருப்பதால், வழக்கமான பல்சுவைக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே தருகிறேன்.

கேள்வி: ‘லொபி’ என்று பத்திரிகைகளில் வரும் சொல்லுக்குச் சரியான தமிழ் என்ன? அது இலஞ்சத்துக்கு இட்ட நாகரிகமான பெயர்தானே?
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், உப்புவெளி

பதில்: ‘ஆதரவு தேடல்’ என்று எழுதினால் சொல்லின் கூர்மை போய்விடுகிறது, ‘தரகு’ என்று எழுதினால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வழங்கியதாகிவிடுகிறது. ஆகையால் நானும் ‘லொபி’ என்றே எழுதப் போகிறேன், பொறுத்தருளுங்கள். சட்டமன்றக் கட்டடத்தின் முன்கூடத்தில் காத்து நின்று, உள்ளே போகும் உறுப்பினரின் காதில் தம் காரியத்தைப் போட்டு வைப்பவர்களைக் குறிக்கவே அச்சொல் வழக்குக்கு வந்தது. அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது மனுதாரர்கள் அவரை மொய்த்ததிலிருந்தே இச்சொல் பிறந்தது என்று ஒரு சுவையான கதை உலவுகிறது. கிராண்ட் பதவிக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல் வழக்கில் இருந்ததால் கதையை ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை.

இலஞ்சம் வேறு, லொபி வேறு. இன்ன காரியத்துக்கு இன்ன தொகை என்று பேசி முடிப்பது இலஞ்சம். லொபியிலோ கைமாறுவது பெரும்பாலும் காசு அன்று. தகவல், புள்ளிவிவரம், ஆயத்தமாகத் தட்டச்சு செய்த சட்டவரைவு, விருந்து, நட்பு ஆகியவையே கைமாறுகின்றன. ஆட்சியாளரிடம் குறையைச் சொல்லி முறையிடும் உரிமை 1791இல் நிறைவேறிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த உரிமையை மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பயன்படுத்த யாருக்கு வசதி இருக்கிறது என்று கேட்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கேள்வி: எங்கள் கரையோரத்தில் சிறுதொழில் செய்யும் மீனவக் குடும்பங்களின் சார்பில், சுருக்குவலைத் தொழிலைக் கட்டுப்படுத்தக் கோரிச் சங்கத்தினூடாகக் கச்சேரிக்கு மகஜர் கொடுத்தோம். அப்படியானால் நாங்களும் லொபி செய்தவர்கள்தானா, ஐயா? எங்கள் மகஜருக்கு இன்னும் பதில் இல்லை.
— மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், மூதூர்ப் பகுதி

பதில்: ஆம், அம்மா, நீங்களும் லொபிதான் செய்திருக்கிறீர்கள், அதற்காக வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் நீங்கள் செய்ததற்கும் பெருமுதல் உள்ள ஒருவர் செய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உங்கள் கடிதமே காட்டிவிட்டது. நீங்கள் ஒருநாள் தொழிலை விட்டு, பஸ்ஸுக்குக் காசு சேர்த்து, ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மகஜரைக் கையளித்துவிட்டு, மறுநாள் கடலுக்குப் போய்விட்டீர்கள். மகஜர் ஒரு கோப்புக்குள் போய்விட்டது. வசதியுள்ளவரின் ஆள் அந்தக் கோப்பைப் பின்தொடர்ந்து போவார். அது எந்த மேசையில் இருக்கிறது, அடுத்து எந்த மேசைக்குப் போகும், அங்கே இருப்பவர் எப்போது விடுமுறையில் போகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அமைச்சு வரைவுச் சட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது, சட்டத்தரணி ஒருவர் எழுதிய இருபது பக்க ஆவணம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். இதில் ஒன்றுமே சட்டவிரோதம் இல்லை என்பதுதான் இதன் தந்திரம். செல்வம் எப்போதும் அதிகாரியின் மனத்தை விலைக்கு வாங்குவதில்லை. பல வேளைகளில் அது வாங்குவது அவருடைய நேரத்தையும் கவனத்தையுமே.

உங்கள் மகஜரின் பிரதிக்கு ‘கிடைக்கப்பெற்றது’ என்ற முத்திரையும் திகதியும் வாங்கி வைத்திருக்கிறீர்களா? இல்லையெனில் அடுத்த முறை வாங்காமல் திரும்பாதீர்கள். ஏன் என்பதைக் கடைசிக்கு முந்திய பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு மொத்த வியாபாரி. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் கடைக்கு வருவார்கள், எல்லாருக்கும் ஏதாவது கொடுப்பேன். இது குற்றமா?
— வியாபாரி, கிண்ணியா

பதில்: கொடுப்பது குற்றமன்று. ஆனால் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்த பின்னர் நிலைமை முன்போல் இல்லை. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் தமக்குக் கிடைத்த நன்கொடைகளையும் தாம் செய்த செலவுகளையும் எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும். வெளிநாட்டு அரசாங்கங்களிடமிருந்தும், தம் அடையாளத்தை வெளிப்படுத்தாதவர்களிடமிருந்தும் நன்கொடை பெறக் கூடாது. ஆகவே ‘என் பெயர் வேண்டாம் தம்பி’ என்று உறையை நீட்டும் பழைய பெருந்தன்மைக்கு இப்போது இடமில்லை.

இந்தச் சட்டத்துக்கு முன்னர் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1946ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளையில் வேட்பாளரின் செலவுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 1981இல் வந்த நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் அது கைவிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் எவரும் எவ்வளவும் செலவிடலாம், எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்டத் தேவையில்லை என்ற நிலையே நிலவியது. 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில்தான் புதிய சட்டம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று தேர்தல்கள் ஆணைக்குழு வரையறுத்தது. வாக்காளர் ஒரு கோடியே 71 இலட்சத்துக்கு மேல் இருந்தபடியால், ஒரு வேட்பாளர் ஏறத்தாழ 186 கோடி ரூபா வரை செலவிட அனுமதி கிடைத்தது. வரம்பே இவ்வளவு என்றால் வரம்பில்லாத காலத்தில் எவ்வளவு ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நீங்கள் எல்லாக் கட்சிகளுக்கும் கொடுப்பதாக எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு கொள்கையில் நம்பிக்கை கொண்டவர் ஒரு கட்சிக்குக் கொடுப்பார். எல்லாருக்கும் கொடுப்பவர், யார் வென்றாலும் தமக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிறார். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொடுக்காவிட்டால் நாளை ஓர் அனுமதிப்பத்திரம் தாமதமாகும் என்ற பயம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர் வாங்குபவர். அதைச் சுமப்பவர் நீங்கள்.

கேள்வி: 2020இல் சீனிக்கான வரியை அரசாங்கம் குறைத்தபோது எங்களுக்குச் சீனி மலியும் என்று எல்லாரும் சொன்னார்கள். மலியவில்லை. பிறகு அதை ஊழல் என்றார்கள். வரியைக் குறைப்பது எப்படி ஊழலாகும்? வரி குறைந்தால் மக்களுக்கு நல்லதுதானே?
— விவசாயி, தம்பலகாமம்

பதில்: இந்த இதழின் மிகச் சிறந்த கேள்வி இது. செல்வத்தின் செல்வாக்கு எந்த வாசலால் நுழைகிறது என்பதைக் காட்ட அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. நம் வீட்டுச் சீனிப் போத்தலே போதும்.

நடந்ததை முதலில் பார்ப்போம். இறக்குமதியாகும் சீனியில் கிலோ ஒன்றுக்கு 50 ரூபா விசேட வியாபாரப் பண்ட அறவீடு இருந்தது. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி வெளியான ஒரு விசேட வர்த்தமானி அறிவித்தலின் மூலம் அது 25 சதமாக இறக்கப்பட்டது. ஐம்பது ரூபாவிலிருந்து கால் ரூபாவுக்கு, ஒரே இரவில். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய அறவீடுகளை வர்த்தமானி மூலமே மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. நாடாளுமன்றத்தின் அங்கீகாரம் பின்னர்தான் வரும், அறிவித்தலோ உடனே உயிர் பெற்றுவிடும். அரசாங்கத்துக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம் இல்லாமற் போனதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் கணக்காய்வாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி ஒரு கணக்குப் போடுவோம். மாதம் நான்கு கிலோ சீனி பாவிக்கும் ஒரு குடும்பத்துக்கு, வரிக் குறைப்பு முழுவதும் வந்து சேர்ந்திருந்தால் மாதம் 199 ரூபா மிச்சமாகியிருக்கும். பத்தாயிரம் தொன் சீனியைக் கொண்டுவரும் ஓர் இறக்குமதியாளர், விலையை இறக்காமல் பழைய விலைக்கே விற்றால், அந்த ஒரு தொகுதியில் மட்டும் 49 கோடியே 75 இலட்சம் ரூபா அவருக்கு மேலதிகமாகச் சேரும். நீங்கள் 199 ரூபாவுக்காக வயலை விட்டுக் கொழும்புக்குப் போய் நிதியமைச்சின் வாசலில் நிற்பீர்களா? போக்குவரத்துச் செலவே அதைவிடக் கூட. மற்றவரோ ஐம்பது கோடிக்காக எத்தனை நாளும் எத்தனை வாசலிலும் நிற்பார். இலாபம் சிலரிடம் குவியும்போது அவர்கள் விரைவில் ஒன்றுசேர்வார்கள், நட்டம் பலர்மீது சிறிது சிறிதாகப் பரவும்போது எவரும் எழமாட்டார்கள் என்பதைப் பொருளியலறிஞர் மன்கூர் ஒல்சன் 1965இல் விரிவாக விளக்கியிருக்கிறார். இதற்கு மக்கள் சோம்பேறிகள் என்றோ பயந்தவர்கள் என்றோ பொருளன்று. அவரவர் கணக்கில் அவரவர் நடந்தது சரிதான். ஊர் முழுவதும் சேர்ந்த மொத்தக் கணக்குத்தான் பிழைத்துவிடுகிறது.

வரி குறைந்தால் நல்லதுதானே என்கிறீர்கள். விலையும் சேர்ந்து குறைந்தால் நல்லது. திறைசேரிக்கு வராத அந்த 1,500 கோடி எங்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? மக்கள் கைக்கு வராமல், அரசின் கைக்கும் வராமல் இடையில் நின்ற பணம் அது. வரி குறையப் போகிறது என்பதை ஒருவர் முன்கூட்டியே அறிந்தால், கப்பலைத் துறைமுகத்துக்கு எந்த நாளில் கொண்டுவருவது, களஞ்சியச் சரக்கை எப்போது விடுவிப்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆகவே இத்தகைய அறிவித்தல்களில் ஒரு நாள் முந்திய தகவலுக்கே கோடிக்கணக்கில் பெறுமதி உண்டு. யார் யாரிடம் என்ன பேசினார் என்று நான் இங்கே குற்றம் சாட்டவில்லை. யார் பேசினார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபடியால் குற்றம் சாட்டவும் முடியாது, சந்தேகத்தை நீக்கவும் முடியாது. நேர்மையான அமைச்சரொருவர் நேர்மையான காரணத்துக்காக வரியைக் குறைத்தாலும் அவரால் அதை நிரூபிக்க இயலாத நிலை இது.

அதனால்தான், தேர்தல் நாளில் வீட்டுக்கு வரும் சேலையையும் அரிசிப் பொதியையும் பற்றி நாம் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்காவது வர்த்தமானியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் கருதுகிறேன். அரிசிப் பொதி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, எல்லாரும் காண, வருகிறது. விசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம்.

கேள்வி: அமெரிக்காவில் செல்வந்தர்கள் வெளிப்படையாகவே தேர்தலுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அதைச் சட்டம் அனுமதிப்பது எப்படி? அங்கே நடப்பதை மக்களாட்சி என்று சொல்லலாமா?
— வளாக மாணவி, கோணேசபுரி

பதில்: அங்கே 1907 முதலே கம்பனிகள் வேட்பாளர்களுக்கு நேரடியாக நன்கொடை கொடுக்கத் தடை இருக்கிறது. ஜனாதிபதி நிக்சன் பதவியிழந்த வோட்டர்கேட் விவகாரத்தின் பின்னர் 1974இல் நன்கொடைக்கும் செலவுக்கும் கடுமையான வரம்புகள் விதிக்கப்பட்டன. 1976இல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வரம்புகளை இரண்டாகப் பிரித்தது. வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடையை வரையறுக்கலாம், அது ஊழலைத் தடுக்கும்; தன் கருத்தைப் பரப்பத் தன் பணத்தைச் செலவிடுவதை வரையறுத்தால் அது பேச்சுச் சுதந்திரத்தில் கைவைப்பதாகும் என்றது. 2010 ஜனவரியில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வந்த சிற்றிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு, அதே தருக்கத்தைக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் விரித்தது. அதன் விளைவாக, வேட்பாளருடன் கலந்து திட்டமிடாதவரை எவ்வளவும் திரட்டலாம், எவ்வளவும் செலவிடலாம் என்ற ‘சுப்பர் பக்’ குழுக்கள் உருவாகின. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஈலோன் மஸ்க் என்ற ஒரு மனிதர் மட்டும் 25 கோடி டொலருக்கு மேல் செலவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

நீதிமன்றத்தின் தருக்கம் முட்டாள்தனமானதன்று. பத்திரிகை அச்சிடுவதற்கும் பணம் வேண்டும். பணத்தைத் தடுத்தால் பேச்சையும் தடுக்கலாம். நம் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசலாம் என்பது உரிமை, அவர் ஆயிரம் ஒலிபெருக்கிகளைக் கட்டி மற்றவர் பேச்சே கேட்காமல் செய்வதும் அதே உரிமைதானா என்பதற்கு அத்தீர்ப்பில் எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

பணம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நியூயோர்க்கின் முன்னாள் மேயரும் பெருஞ்செல்வந்தருமான மைக்கல் புளூம்பேர்க் 2020இல் தம் சொந்தப் பணத்தில் 100 கோடி டொலருக்கு மேல் செலவிட்டு, ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் வென்ற ஒரே இடம் பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க சமோவா. வெற்றியை வாங்குவதைவிட, வென்றவரின் நிகழ்ச்சிநிரலில் இடம் வாங்குவது மலிவானது. அமெரிக்க மத்திய அரசாங்கத்திடம் லொபி செய்வதற்காக அறிவிக்கப்பட்ட செலவு 2023இல் 400 கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் அது அறிவிக்கப்பட்ட செலவு என்பதைக் கவனியுங்கள். 1995ஆம் ஆண்டின் சட்டப்படி லொபி செய்வோர் தம்மைப் பதிவு செய்து, யாருக்காக, எந்தச் சட்டமூலம் பற்றி, எவ்வளவு பணத்துக்கு வேலை செய்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம்மிடம் அந்த ஏடுகூட இல்லை.

மக்களாட்சிதானா என்ற கேள்விக்கு, 2014இல் மார்ட்டின் கிலென்ஸ், பெஞ்சமின் பேஜ் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 1981 முதல் 2002 வரையிலான 1,779 கொள்கைக் கேள்விகளை ஆராய்ந்து, செல்வந்தரும் அமைப்பாகத் திரண்ட குழுக்களும் விரும்பாத ஒன்றைச் சாதாரண மக்கள் விரும்பினால் அது நடைபெறும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். நடுத்தர மக்களும் செல்வந்தரும் பெரும்பாலான விடயங்களில் ஒரே கருத்தையே கொண்டிருப்பதால், யாருடைய சொல் எடுபட்டது என்பதைப் பிரித்தறிவது கடினம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். பரீட்சை விடைத்தாளில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: இலங்கை அரசாங்கம் வெளிநாடுகளில் லொபிக்குப் பணம் கொடுத்ததுண்டா?
— அதே வளாகத்திலிருந்து இன்னொரு மாணவர்

பதில்: உண்டு, அதில் ஏமாந்ததும் உண்டு. வாஷிங்டனில் நாட்டின் பெயரைச் சரிசெய்து தருவதாக ஏற்றுக்கொண்ட கலிபோர்னியா வணிகர் ஒருவருக்கு 2014இல் இலங்கை 65 இலட்சம் டொலர் கொடுத்தது. அதில் பெரும்பகுதியை அவர் தம் சொந்தப் பாவனைக்கு எடுத்துக்கொண்டதாக அமெரிக்க வழக்குத் தொடுநர்கள் காட்டினார்கள். வேறு குற்றங்களுடன் சேர்த்து 2021இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பணம் போனது நம் பொதுப் பணம், அது எப்படிப் போனது என்று நாம் விவரமாக அறிந்தது அங்குள்ள நீதிமன்றத்தின் ஏட்டிலிருந்து.

கேள்வி: தமிழ்நாட்டில் வாக்குக்குப் பணம் கொடுப்பது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அங்கே நிலைமை நம்மைவிட மோசமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: வாக்குக்குப் பணம் என்பதில் அங்கே நிலைமை மோசந்தான். பண விநியோகம் காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. ஆயினும் அதைவிடப் பெரிய பணம் வேறு வழியில் ஓடிக்கொண்டிருந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தின்கீழ், ஒரு கம்பனி வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024 பெப்ரவரி 15ஆம் திகதி ஐந்து நீதியரசர்கள் ஒருமனதாக அத்திட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கி, விவரங்களை வெளியிடும்படி பாரத ஸ்டேட் வங்கிக்குக் கட்டளையிட்டார்கள். 16,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்பனையாகியிருந்தன. மிகப் பெரிய பங்கு பாரதிய ஜனதாக் கட்சிக்குப் போயிருந்தது. அதிகமாக வாங்கியது 1,368 கோடிக்கு வாங்கிய ஒரு லொத்தர் நிறுவனம். அதிலிருந்து தமக்கு 509 கோடி கிடைத்ததைத் திராவிட முன்னேற்றக் கழகமே அறிவித்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, மத்தி, மாநிலம் என்ற பாகுபாடு பணத்துக்கு இல்லை.

கேள்வி: பணமில்லாத ஒருவர் நம் மாவட்டத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று வெல்ல முடியுமா?
— இளைஞர், ஈச்சிலம்பற்று

பதில்: முடியும், கடினம். கட்சிக்கு வாக்களிப்பதோடு அதன் பட்டியலில் விரும்பியவர்களின் இலக்கத்தையும் குறிக்கும், 1989 முதல் நடைமுறையிலிருக்கும் விருப்பு வாக்கு முறைதான் கடினத்துக்கு ஒரு முக்கிய காரணம். நம் மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள், ஒரு பட்டியலில் ஏழு வேட்பாளர்கள். அந்த ஏழு பேரும் மற்றக் கட்சிகளோடு மட்டுமன்றித் தமக்குள்ளேயும் போட்டியிட வேண்டும்; ஒரே சின்னத்தின் கீழ் ஏழு அலுவலகங்கள், ஏழு துண்டுப் பிரசுரங்கள், ஏழு வாகன அணிகள். முன்பு ஒரு தொகுதியை நடந்தே சுற்றி வந்துவிடலாம். இப்போது திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகளையும் ஓடித் திரிய வேண்டும். எரிபொருளுக்குக் காசு தருபவர் வெற்றிக்குப் பின்னர் வந்து நிற்பார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் நம்மைப் போன்ற பல்லின மாவட்டத்துக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனோடு விருப்பு இலக்கத்தையும் ஒட்டியே வைத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் ஐயம்.

கேள்வி: சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை வெளிநாட்டுக்குக் கொடுத்ததும் இத்தகைய செல்வாக்கினால்தானா?
— வாசகர், திருகோணமலை நகர்

பதில்: அது அரசுகளுக்கிடையிலான பேரம், தனியார் செல்வத்தின் லொபியோடு அதைக் குழப்பக் கூடாது. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி, 99 தாங்கிகளில் 14 இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடமும் இருக்கின்றன. கூட்டுக் கம்பனியில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்துக்குரியது. பேரத்தின் நன்மை தீமையை இன்னொரு இதழில் விரிவாகப் பேசலாம்.

கேள்வி: தேர்தல் செலவை அரசாங்கமே ஏற்றால் இந்தத் தொல்லை தீராதா?
— ஆசிரியை, சாம்பல்தீவு

பதில்: குறையும், தீராது. ஜேர்மனியில் கட்சிகள் பெற்ற வாக்குக்கேற்ப அரசு நிதி வழங்குகிறது, ஆனால் ஒரு கட்சி தானாகத் திரட்டிய வருமானத்துக்கு மேல் அரச நிதி போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. கட்சி தன் உறுப்பினரை மறந்துவிடாதிருக்க அது நல்ல ஏற்பாடு. பிரித்தானியா 1883இலேயே வேட்பாளரின் செலவுக்கு வரம்பு விதித்தது, தொலைக்காட்சியில் கட்சிகள் விளம்பர நேரம் வாங்குவதையும் அங்கே தடுத்திருக்கிறார்கள். வாத்தியார் சம்பளத்துக்கே அல்லாடும் நம் திறைசேரியிடம் கட்சிகளுக்குக் கொடு என்று நான் கேட்கத் தயங்குகிறேன். வரம்பும் கணக்கும் ஒழுங்காக நடந்தால் முதற்படிக்கு அது போதும்.

கேள்வி: இவ்வளவும் எழுதுகிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதும் இருக்கிறதா, அல்லது வாசித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதுதானா?
— இல்லத்தரசி, ஆனந்தபுரி

பதில்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் அரச நிறுவனமொன்றிடம் தகவல் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நம் மாவட்ட வேட்பாளர்கள் தேர்தலின் பின் சமர்ப்பித்த வரவு செலவு அறிக்கைகளைக் கேளுங்கள். மூதூர்ச் செயலாளர் அம்மா தம் மகஜரின் பிரதியை இணைத்து, அது இன்று எந்தப் பிரிவில், யாருடைய குறிப்புடன் இருக்கிறது என்று கேட்கலாம். முத்திரையும் திகதியும் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பெரியவரின் ஆள் கோப்புக்குப் பின்னால் நடந்து அறிவதை நீங்கள் ஒரு கடிதத்தால் அறியலாம். தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேட்கலாம்.

நான் ஒருமுறை ஒரு நிறுவனத்துக்கு இவ்வாறு எழுதியபோது ‘கோப்பைக் காணவில்லை’ என்று பதில் வந்தது. மேன்முறையீடு செய்யப் போகிறேன் என்று மறுகடிதம் போட்ட இரண்டாவது வாரத்தில் கோப்பு கிடைத்துவிட்டது. எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

கேள்வி: தாங்கள் எப்போதாவது ஒரு வேட்பாளருக்கு ஏதும் கொடுத்ததுண்டா? உண்மையைச் சொல்ல வேண்டும்.
— பெயர் எழுதாத வாசகர்

பதில்: அடையாளம் வெளிப்படுத்தாதவர் நன்கொடை கொடுக்கத்தான் தடை, கேள்வி கேட்கத் தடையில்லை. மாணவனாக இருந்த காலத்தில், எங்கள் ஒழுங்கையில் சுவரொட்டி ஒட்ட வந்த ஒரு வேட்பாளரின் ஆட்களுக்குப் பசை காய்ச்ச அம்மாவின் அனுமதியின்றிக் கோதுமை மாவும் ஒரு பானையும் எடுத்துக் கொடுத்தேன். வேட்பாளர் தோற்றுப்போனார். பானை திரும்பி வரவில்லை.